இஃபியோமாவின் அண்ணன்

போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கத் தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். இப்போது எங்கள் கடைகளில் பாதி ஆப்பிரிக்கச் சாமான்தான். தொடை மொத்தத்தில் கிழங்கு, சிவப்பான பனை எண்ணெய், பை பையாகக் காய்ந்த கூனி இறால். முன்னால் நின்ற பெண் ஒரு பையைத் திறந்து மணந்து பார்த்தாள். எனக்கு அந்த மணம் போதும். முருங்கைக்காயை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், இவரிடம் பேச்சும் வாங்கினேன்.

எண்பதுகளில் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதியை அகதிகளுக்கான ஹைம் ஆக்கியிருந்தார்கள். கிழக்குப் பக்கத்து விமான நிலையமான ஷோனெஃபெல்டில் வந்து இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பியபோது எனக்கும் இவருக்கும் கிடைத்த இடம் அது. மாடிக்கு ஒரு குசினி, எல்லோரும் அதில்தான் சமைக்கவேண்டும். நான் முதன்முதலில் பிழையில்லாமல் விளங்கிக்கொண்ட ஜெர்மன் சொல் ‘ஸ்டிங்க்ட்’. நாறுது என்று அர்த்தம். ஹைமைப் பார்த்துக்கொண்ட கிழவர் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார். நான் அன்றைக்கு வெறும் பருப்புத்தான் வைத்திருந்தேன். பின்னால் ஒரு உயரமான பெண் வந்து, “அது என்ர சட்டி” என்றாள். சட்டிக்குள் கூனி கொதித்துக்கொண்டிருந்தது. கிழவர் போனதும் ஒரு கரண்டி எனக்கும் தந்தாள். எங்கள் வீட்டுக் கூனிக்கறிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு ருசி.

அவள்தான் இஃபியோமா. நைஜீரியாவில் ஒனிட்சா என்ற சந்தைப் பட்டணத்தில் தையல் கடை வைத்திருந்தவள். என்னுடைய பள்ளிக்கூட ஆங்கிலமும் அவளுடைய சந்தை ஆங்கிலமும் எப்படியோ ஒத்துப்போயின. அவள் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் சொல்கிறேன், எனக்கு வேறு வழி தெரியாது. என்னை ‘அக்கா’ என்று கூப்பிட மட்டும் நான் பழக்கிவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அண்ணன் வருவான். எமேக்கா. பல்கலைக்கழகத்தில் எஞ்சினியருக்குப் படித்தவன். நல்ல கோட்டு, நல்ல மரியாதை. எனக்கு ஒரு சொக்கலேட் கட்டாயம் கொண்டுவருவான். நானும் அவனை வாய் நிறைய ‘அண்ணை’ என்றுதான் கூப்பிட்டேன். இஃபியோமா அவனுடைய சேர்ட்டுகளை இஸ்திரி போட்டு வைப்பாள், இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பாள். தமையனில் இவ்வளவு பாசமா என்று எனக்கு ஊரிலிருந்த என் அண்ணனை நினைத்து அழுகை வரும்.

ஒருநாள் சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்: “அக்கா, அவர் அண்ணன் இல்லை. என்ர மனுசன்.”

தன் தையல் மெஷின்களை விற்று அவனைப் படிக்க அனுப்பியவள் அவள். இங்கே வந்து பார்த்தால் அவன் ஒரு ஜெர்மன்காரியைப் பதிவுத் திருமணம் செய்திருந்தான். விசாவுக்காக மட்டும்தானாம். வதிவிட உரிமை கையில் வந்ததும் விட்டுவிட்டு வந்துவிடுவானாம். அதுவரைக்கும் தங்கச்சி என்று சொல்லு என்றானாம்.

“நீ நம்பினியோ?”

“நான்தானே அவனை அனுப்பினனான்” என்றாள்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு அவன் தனியாக வரவில்லை. கூடவே அந்தப் பெண் கரீனும் வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, நிறைமாத வயிறு. இஃபியோமாவைக் கட்டிப்பிடித்து, “பிள்ளையின்ர ஞானஸ்நானச் சட்டையை மாமிதான் தைக்கவேணும்” என்றாள்.

இஃபியோமா தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள். ஹைம் வகுப்பில் படித்த ஜெர்மனில், சொல் சொல்லாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள்: “நான் அவரின் சகோதரி இல்லை. மனைவி.”

அவன் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பரிதாபமாகச் சிரித்து, கரீனின் தோளைத் தடவி, “பாவம், ஹைமில கிடந்து தலை பிசகிப்போச்சு” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “சிஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. இவவுக்குச் சுகமில்லைத்தானே?”

சொக்கலேட் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு வசனத்துக்குத்தான் என்று அப்போது விளங்கியது. என் ஜெர்மனுக்கு இலக்கணம் கிடையாது. இருந்தாலும் சொன்னேன்: “சுகமாத்தான் இருக்கிறா. இவதான் மனைவி. உண்மை.”

கரீன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியிறங்கினாள். அவன் அவளுக்குப் பின்னால் ஓடினான். திரும்பிப் பார்க்கவேயில்லை.

“பொய் சொல்லச் சொன்னதைக்கூடப் பொறுத்தன், அக்கா” என்றாள் இஃபியோமா. “என்னை விசரி எண்டிட்டான்.” அவள் அழவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த இறைச்சியைத் தானே சாப்பிட்டாள். எனக்கும் ஒரு துண்டு தந்தாள்.

பிள்ளை பிறந்த பிறகு கரீன் ஒருநாள் தனியாக வந்தாள், தன் தாயின் பழைய தையல் மெஷினோடு. அவனை வீட்டை விட்டு அனுப்பவில்லை என்பதைத் தலை குனிந்துகொண்டே சொன்னாள். இஃபியோமா மெஷினை வாங்கிக்கொண்டாள். கரீன் போனதும், “அவளில கோபம் இல்லையோ?” என்று கேட்டேன். “அவளும் ஏமாந்தவள்தானே” என்றாள்.

அதற்குப் பிறகு ஹைமில் இருந்த தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் சேலைச் சட்டை தைத்தது ஒரு நைஜீரியக்காரி. என்னுடைய பழைய சட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் பழகினாள். முதல் சட்டை என் கழுத்தை நெரித்தது. அடுத்ததிலிருந்து ஊரில்கூட எனக்கு அப்படிப் பொருந்தித் தைத்தவர்கள் இல்லை. பிறகு தன் தேவாலயச் சபை ஆட்களோடு ஹம்பூர்க்குக்குப் போய்விட்டாள், மெஷினையும் தூக்கிக்கொண்டு.

எமேக்காவை ஒருமுறை டிராமில் கண்டேன், மடியில் பிள்ளையோடு. “ஹலோ சிஸ்டர், சுகமோ?” என்றான், ஒன்றுமே நடக்காததுபோல. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழைக்குள் நடந்து போனேன்.

இஃபியோமா ஒருமுறை ஹைமுக்குப் போன் எடுத்தாள். நடைபாதைச் சுவரில் எல்லோருக்கும் பொதுவாக மாட்டியிருந்த போன் அது. “அக்கா, தையல் கடைக்கு ஒரு முன்னறை வாடகைக்கு எடுத்திட்டன். சனம் வருது” என்றாள். வதிவிடப் பேப்பர் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அந்த நாளில் போனில் அதெல்லாம் கேட்பதில்லை. விலாசம் கேட்க முதல் காசு முடிந்து போன் அறுந்துவிட்டது.

எண்பத்தொன்பதில் ஹைமை மூடி எங்களை வேறு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கார் நிற்கிறது. அவளிடம் இருந்தது அந்தச் சுவர் போனின் நம்பர் மட்டும்தான். அவள் பிறகும் அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்திருப்பாள்.