மூன்றாவது முடிச்சு

அப்பா உயில் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த மனிதருக்கு எழுதி வைக்க என்ன இருந்தது? கடைசிக் காலத்தில்தான் பசறை ரோட்டோரம் ஒரு சின்ன வீடும், அதன் முன்பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையும் வாய்த்தன. வீட்டு உறுதிப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. அந்த வீட்டில்தான் அம்மாவும் நானும் இருந்தோம்.

பதுளை நீதிமன்றத்தில் மனுப் போட்டால் மனைவிக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி என்று சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். லோயரம்மா முதலில் கேட்டது விவாகப் பதிவு. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் கல்யாணம் என்றால் மாரியம்மன் கோயிலில் தாலி, லயத்து வாசலில் பந்தல், சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய்க் கையெழுத்து வைக்க யாருக்கு மனசு வரும்? ஊரே பார்த்த கல்யாணத்துக்குக் கடதாசி எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அந்த அலட்சியத்தின் பலன் என் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்தச் சொல்லைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி என்று மனுப் போட்டு, பேப்பரில் அறிவித்தலும் கொடுத்தோம். ஆட்சேபணை சொல்ல வந்தது யார்? அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என் அத்தை! அண்ணனுக்குக் கல்யாணமே நடக்கவில்லை, சும்மா ஒரு பொம்பளையைச் சேர்த்து வைத்திருந்தார், ஆகவே வாரிசு தான்தான் என்றாள். நேற்றுவரை அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனவள். சட்டம் தெரிந்த யாரோ காதில் ஓதியிருக்க வேண்டும். அவள் ஜெயித்தால் அம்மாவுக்கு வீடும் இல்லை, மனைவி என்ற பெயரும் இல்லை. நான் யாருக்கும் வாரிசு இல்லை.

அம்மா அழவில்லை. “அவ வாயிலருந்தா இது வந்துச்சு?” என்று அன்றைக்கு முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவு இல்லாவிட்டாலும் தாலி கட்டியதைச் சாட்சி வைத்து நிரூபித்தால் சட்டம் ஏற்கும் என்றார் லோயரம்மா. ஆனால் கல்யாணத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. பூசாரியும் போய்விட்டார். மற்றவர்கள் கொழும்புக்கும் மொனராகலைக்கும் பிழைக்கப் போய்ச் சிதறிவிட்டார்கள். தேடிப் பிடித்த கிழவர் ஒருவருக்கு அது யாருடைய கல்யாணம் என்பதே குழம்பியது. லோயரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் அத்தையின் குணம் எனக்குத் தெரியும். எந்தக் கல்யாண வீட்டிலும் அவள்தான் முன்னால் நிற்பாள். அவளுக்குள்ள உரிமையில் இன்னொருத்தி கை வைத்தால் பந்தல் இரண்டாகிவிடும்.

“மிஸ், கல்யாணம் நடந்துச்சான்னு அத்தைகிட்ட கேக்காதீங்க. தாலிக்கு மூணாவது முடிச்சப் போட்டது அவங்க பெரியப்பா மகதானேன்னு கேளுங்க” என்றேன்.

லோயரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த முடிச்சைப் போடுவது மாப்பிள்ளையின் சகோதரி என்பது அவர் வீட்டிலும் வழக்கம்தான்.

விசாரணை நாளில் அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினாள். கல்யாணமா, அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்டதற்கெல்லாம் கையை விரித்தாள். லோயரம்மா அவசரப்படாமல் கேட்டார்.

“உங்க அண்ணன் தாலி கட்டினப்ப மூணாவது முடிச்ச உங்க பெரியப்பா மகதான் போட்டாங்களாமே?”

“யாரு, அவளா?” அத்தையின் குரல் கூரையைத் தொட்டது. “கூடப்பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப அவ எப்படிப் போடுவா? நான்தான் போட்டேன்! கோயிலே பாத்துச்சு!”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்ல, நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். வேறு கேள்வி இல்லை என்று லோயரம்மா உட்கார்ந்துவிட்டார். அத்தையைப் பார்த்துப் பாவப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். துள்ளிக் குதிக்காமல் இருக்க பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு நாளில் நீதிபதி சிங்களத்தில் வாசித்து முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“நீங்க அவரோட சட்டப்படியான மனைவி. இவங்க உங்க ரெண்டு பேருக்கும் சட்டப்படி பொறந்த பிள்ளை. வீடும் கடையும் உங்களுக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி.”

வீட்டைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல், “ஐயா, மொதல்ல சொன்னீங்களே, அத இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.

என்ன கேட்கிறார் என்று நீதிபதி விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் சொன்னார், இந்த முறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தைக்கும் கேட்கும்படி.