ஸ்டோர் அண்ணன் பெயரில் ஒரு லேப்டாப்

வேதியியல் துறையில் அவளை எல்லோரும் வைஃபை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடங்களுக்கு முன்பு ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள், கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். துறைக்கென்று தனி வைஃபை வந்தபோது அந்தப் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள்.

பாஸ்வேர்டு போட்டால் சேர்ந்துகொள்ளும் வைஃபை அல்ல அது. போனோ லேப்டாப்போ, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதை அவள் பட்டியலில் ஏற்றினால்தான் உள்ளே விடும். ஆளுக்கு இரண்டு கருவிகள்தான். துறைத் தலைவர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். புதுப் போன்கள் அந்த அடையாளத்தை மாற்றி மாற்றிக் காட்டி அவள் உயிரை எடுத்தன.

“நேத்து வேலை செஞ்சுதே அக்கா!”

“நேத்து ஒரு பேர்ல வந்துச்சு, இன்னிக்கு வேற பேர்ல வந்து நிக்குது. நான் யாருன்னு உள்ள விடுறது?”

வகுப்புகள் தொடங்கிய வாரத்தில், புதிதாகச் சேர்ந்த தற்காலிக விரிவுரையாளர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “அக்கா, பத்து நிமிஷத்துல கிளாஸ். பாடம் எல்லாமே நெட்லதான் இருக்கு.”

“ஃபார்ம் எங்க சார்?”

“மேடம் வெளியூர் போயிருக்காங்க. திங்கக்கிழமை கையெழுத்து வாங்கிக் குடுத்துடுறேன். ப்ளீஸ்க்கா.”

தலைவர் அனுமதி இல்லாமல் புதுப் பெயரைச் சேர்க்க முடியாது. ஆனால் பட்டியலில் ஸ்டோர் அண்ணன் பெயருக்கு எதிரே இரண்டு இடமும் காலியாகக் கிடந்தன. ரசாயனப் பொருள்களைப் பாதுகாக்கும் அந்த மனிதர் பட்டன் போனைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அந்த லேப்டாப்பை அவர் பெயரில் ஏற்றினாள். திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை பிரிண்டர்கள் படுத்துக்கொண்டன. விரிவுரையாளரும் படிவத்தோடு வரவில்லை. அவள் அடியோடு மறந்துபோனாள்.

இரண்டு மாதம் கழித்து, ஓர் ஆராய்ச்சி மாணவியைப் பற்றிக் காது கூசும்படி எழுதிய பெயரில்லாத மின்னஞ்சல் ஒன்று துறையிலுள்ள அத்தனை ஆசிரியர்களுக்கும் போனது. அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் தேடிப் பார்த்தார்கள். மின்னஞ்சல் துறையின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. எந்தக் கருவியிலிருந்து என்று பார்த்தபோது ஸ்டோர் அண்ணனின் பெயர் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செய்தி காதில் விழுந்ததும் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். பெயருக்கு எதிரே அவள் ஏற்றிய தேதி பளிச்சென்று நின்றது.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

“நீயா போய் தலையைக் குடுக்காத,” என்றார் அவர். “அவர்கிட்ட லேப்டாப்பே இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க.”

அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்டோர் அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சி, எனக்கு ஒண்ணும் புரியல. என் பேர் எப்படிம்மா அதுக்குள்ள போச்சு? நாளைக்கு விசாரணையில நீ கொஞ்சம் வந்து அவங்களுக்கு எடுத்துச் சொல்றியா? இதெல்லாம் உனக்குத்தானே தெரியும்.”

“வரேண்ணா,” என்றாள்.

மறுநாள் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக ஸ்டோர் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். அவள் உட்காரவில்லை. “அந்த லேப்டாப் இவரோடது இல்ல. நான்தான் இவர் பேர்ல ஏத்தினேன்,” என்று தொடங்கி, யாருடையது, ஏன், எந்தத் தேதி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று துறைத் தலைவர் கேட்டார்.

“பயந்துட்டேன் மேடம்.”

விரிவுரையாளரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த மாணவி தன் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்க்க மறுத்திருக்கிறாள், அந்த ஆத்திரத்தில் எழுதியதாக ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் அவரை வெளியே அனுப்பியது. மாணவி ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்தாள். ஆனால் துறையின் வைஃபையை அவள் தொடவே இல்லை. அக்காவிடமிருந்து பட்டியலின் பொறுப்பைப் பறித்து, தபால் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

ஸ்டோர் அண்ணன் வேலைக்குத் திரும்பிய நாளன்று அவரைத் தேடிப் போனாள். அவர் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணா.”

“தப்பு எல்லாருக்கும் நடக்கிறதுதாம்மா. அவசரத்துக்கு உதவப் போய் மாட்டிக்கிட்ட.” நிமிராமலே சொன்னார். பிறகு கை நின்றது. “ஆனா அந்த மூணு நாள்... என் பொண்ணு என்கிட்ட பேசல. கடைசியில ஒரே ஒரு தடவை ‘நிஜமா நீங்க எழுதலயாப்பா’ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். நம்பினாளான்னு எனக்கு இன்னும் தெரியாது.”

அவர் அடுத்த பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.