முதல் போட்டியே பதினோராம் ஆண்டு

வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். அதனால் வீட்டுக்கு ஏதும் பிரயோசனம் உண்டா என்று என் மனைவி கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஒரு வரலாறு எப்படி உண்டாகிறது என்பதை எட்டு வயதிலேயே, சங்கு நாற்றத்துக்கு நடுவில் நின்று, கண்ணால் பார்த்தவன்.

மாமா, அதாவது உம்மாவின் தம்பி, துபாயில் ஒரு ஓட்டலின் ஸ்னூக்கர் அறையில் வேலை பார்த்தார். ஓட்டலை இடித்தபோது பழைய மேசையைக் கேட்டு வாங்கி, கப்பலில் தூத்துக்குடிக்கு ஏற்றிவிட்டு, தானும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். குளிர்சாதனப் பெட்டி வரும் என்று தெருவே காத்திருந்தது. லாரியிலிருந்து முதலில் இறங்கியவை, மேசையின் தளமான ஐந்து பெரிய கல் பலகைகள். கபரின் தலைமாட்டில், புதைத்த இடத்துக்கு அடையாளமாக நடுகிற மீஸான் கல்லைத்தான் துபாயிலிருந்து வரவழைத்திருக்கிறார் என்று நினைத்த பெண்கள், ஐந்தும் வீட்டில் யார் யாருக்கு என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாமா குடியிருந்தது மாமியின் வீட்டில். ஸ்னூக்கர் கிளப் நடத்தலாம் என்று அவர் மேசையைப் போட்டிருந்த பழைய சங்குக் கிடங்கும் மாமியுடையது. ஆகவே தீர்ப்பும் மாமியுடையது. ஒரு போட்டி நடத்திப் பார்க்கலாம். ஊர் சிரித்தால் கிடங்கு கருவாட்டு வியாபாரிக்கு வாடகைக்குப் போகும், என் வாப்பா ஏற்பாடு செய்து வைத்திருந்த விசாவில் மாமா மறுபடி துபாய்க்குப் போவார். எனக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டக்கோலின் முனையில் நீலச் சாக்கட்டி தேய்க்கும் உரிமையை மாமா எனக்கு மட்டுமே கொடுத்திருந்தார். அதைவிடப் பெரிய பதவி இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

ராமநாதபுரத்து அச்சகம் ஒன்றில் மாமா நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். அச்சகக்காரர் வேறு ஏதோ ஊரின் கைப்பந்துப் போட்டிக்குக் கோத்த எழுத்துகளைக் கலைக்கச் சோம்பி, ஊரையும் ஆட்டத்தையும் மட்டும் மாற்றி அடித்துவிட்டார். ‘பதினோராம் ஆண்டு மாபெரும் தொழில்முறை ஸ்னூக்கர் போட்டி.’ சாயல்குடி வரை சுவர்களில் ஒட்டி முடித்த பிறகுதான் வாப்பா அதை நிதானமாக வாசித்தார். தொழில்முறை என்பதைப் பார்த்துவிட்டு, தொழில் தொடங்கத் தையல் மெஷின் தருவீர்களா என்று இரண்டு பேர் வந்து கேட்டுப் போனார்கள், அதைச் சமாளித்துவிடலாம். பதினோராம் ஆண்டை என்ன செய்வது?

“முன்னாடி பத்து வருசம் எங்கன நடந்துச்சு மாப்ளே, கடலுக்கு அடியிலயா?” என்றார் வாப்பா.

எண்ணின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்க மாமா கிளம்பினார். பசை வாளியோடு நானும் பின்னால் போனேன். டீக்கடைச் சுவருக்கு வந்தபோது அங்கே சம்மாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர்; எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். நோட்டீஸை உரக்க வாசித்த ஒரு பையன், இதெல்லாம் எப்போது நடந்தது என்று அவரிடம் கேட்டான். அவர் டீயை ஒரு மிடறு குடித்தார்.

“நாலாவது வருசம் நான்தானலே செயிச்சேன்.”

மாமாவின் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது.

சம்மாட்டிக்கும் ஐஸ் கம்பெனி முதலாளிக்கும் ஆகாது. ஆனால் முதலாளியும் இதை மறுக்கவில்லை. மறுத்தால் அவர் விவரம் தெரியாதவர் ஆகிவிடுவார். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் தோற்றது தாம்தான் என்றும், அது கள்ளாட்டம் என்றும் சாயந்திரத்துக்குள் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு வரலாறு தன் போக்கில் வளர்ந்தது. ஆறாம் ஆண்டுப் போட்டி புயலில் நின்றுபோனதை ஒருவர் நினைவுகூர்ந்தார். ஒன்பதாம் ஆண்டு பரிசாக வாங்கிய கடிகாரம் இன்னும் ஓடுவதாக இன்னொருவர் சொன்னார். ஏழாம் ஆண்டு அரையிறுதியை முன்னிட்டு அண்ணன் தம்பி இருவர் பேச்சை முறித்துக்கொண்டார்கள். பழைய தோல்விகளுக்குப் பழிவாங்கியே தீருவதென்று ஆட்கள் கிடங்கு வாசலில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். பிற்காலத்தில் நான் படித்த சில பேரரசுகளுக்கு இவ்வளவு சாட்சிகள் கிடையாது. இத்தனை பெரியவர்கள் சொன்ன பிறகு, அச்சகக்காரர் அடித்ததுதான் சரி, மாமாதான் மறந்துவிட்டார் என்று நானும் முடிவுகட்டினேன்.

கஷ்டம் என்னவென்றால், சம்மாட்டியும் பெயர் கொடுத்துவிட்டார். படகுகள் கரை சேர்ந்ததும் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு மாமா அவருக்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் துடுப்பைப் போலவே பிடித்தார். செயித்து ஏழு வருடம் ஆகிறதே, கை மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சங்கு கழுவிய தண்ணீர் வடிவதற்காகக் கிடங்கின் தரை கடல் பக்கம் சரிந்திருக்கும். மேசையும் சற்றுச் சரிந்துதான் நின்றது. அந்தப் பக்கத்து ஓரமாக லேசாகத் தட்டிவிட்டால் பந்து தானே குழியைத் தேடிக்கொண்டு போகும். அந்த ஓர் அடியை மட்டும் மாமா சொல்லிக்கொடுத்தார்.

போட்டியன்று காலைப் பேருந்தில் மதுரையிலிருந்து ஒருவர் இறங்கினார். கையில் நீளமான தோல் பெட்டி, மூக்கில் கைக்குட்டை. கிளப் கிளப்பாகப் போய்ப் பரிசுக்கு ஆடுவதுதான் அவர் பிழைப்பு. பதினோரு வருடமாக நடக்கும் ஒரு போட்டி தனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வெட்கத்தில் வந்திருந்தார்.

“தம்பி, இந்த ஊருக்கு இப்பத்தான் மொதத் தடவையா வாரேன். கிடங்கு எங்கன இருக்கு?”

கூட்டிக்கொண்டு போனேன்.

சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே அவருக்கும் சம்மாட்டிக்கும் விழுந்தது. சம்மாட்டி ஓங்கி அடித்த அடியில் வெள்ளைப் பந்து சிவப்புகளையெல்லாம் சிதறடித்து, மேசையைத் தாண்டிக் குதித்து, முன்வரிசையில் இருந்த ஐஸ் கம்பெனி முதலாளியின் மடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

“இந்தக் கைட்டயா நான் தோத்தேன்? நாலாவது வருசம் நடந்தது கள்ளாட்டம்னு அப்பவே சொன்னேன்ல?”

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கினார். நாலாம் ஆண்டு விழுந்தால் மற்ற ஆண்டுகளும் பின்னாலேயே விழும். மாமா விமானத்தில் இருப்பார். வாசலில் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். மதுரைக்காரர் சம்மாட்டியைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“நாலாவது வருசம் அரையிறுதியில இவர்ட்டத் தோத்தவன் நான். கள்ளாட்டம் ஏதும் இல்ல. அதுக்குப் பதில் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்.” சம்மாட்டி பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, அப்ப அடிச்ச மாதிரி அடிங்க.”

தப்பாக அடித்தவரையே எதிராளி மறுபடி ஆடச் சொல்லலாம் என்று ஸ்னூக்கரில் உண்மையிலேயே ஒரு விதி உண்டு. சம்மாட்டி குனிந்தார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, கடல் பக்கத்து ஓரமாகக் கிடந்த சிவப்பை லேசாகத் தட்டினார். அது யோசித்து யோசித்து உருண்டது. குழியின் வாயில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

எழுந்த சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் வெளியே போயின.

அதன்பின் அன்று முழுவதும் மதுரைக்காரரை யாராலும் அசைக்க முடியவில்லை. சம்மாட்டியையும் தோற்கடித்தார், ஐஸ் கம்பெனியையும் தோற்கடித்தார், கோப்பையையும் வென்றார். ஆனால் அதைப் பேருந்து நிறுத்தம் வரை அவரேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களின் கைகள் ஒழிவாயில்லை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே ஒருமுறை வீழ்த்தியவர் என்று சம்மாட்டியைத் தோளில் தூக்கி, வேட்டுப் போட்டுக் கடற்கரை வரை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாமி கிடங்கைப் பெருக்கியபடியே மாமாவிடம் சொன்னார்: “வார வருசம் பன்னெண்டுதானே? இந்தத் தடவையாச்சும் அச்சுல சரியாப் பாத்து அடிக்கச் சொல்லுங்க.”

மாமா சாக்கட்டியை என் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். விசாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. அவ்வளவு பிரமாதமாக ஆடுகிற மனிதருக்கு இவ்வளவு மோசமான மறதியா? அரையிறுதி வரை ஆடித் தோற்ற ஊருக்கு வந்திறங்கி, முதல் தடவை வருகிறேன் என்றாரே. திரும்பிப் போக வண்டியையும் மறந்துவிடுவார் என்று பயந்து, நிறுத்தம் வரை கூடவே போய், மதுரைப் பேருந்து இதுதான் என்று காட்டி ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கோப்பையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு இஷா தொழுகையில் அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன், ஞாபகசக்தி திரும்ப வரவேண்டும் என்று.