காய்க்க மாட்டேன் என்று சொன்ன மரம்

ஒரு மரத்துக்குப் பதிலாக நீங்கள் எப்போதாவது பேசியதுண்டா? போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசினேன். எதிரே என் அத்தான் கோடாலியோடு நின்றார்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

என் அக்காள் பாக்கியமும் அத்தானும் பினாங்கில் ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். நான் டவுனில், உலர்ந்த செடிகளைக் காகிதத்தில் ஒட்டிப் பெயர் எழுதும் வேலையில் இருக்கிறேன். மதராஸுக்குப் போய்த் தாவர சாஸ்திரம் படித்து வந்ததற்குக் கிடைத்த உத்தியோகம். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். தைப்பூசம் கழிந்த ஞாயிறு அக்காள் வீட்டில் சாப்பாடு என்பது எங்கள் வழக்கம். டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து மலையேறினேன்.

பாதி வழியில் அக்காள் காத்திருந்தாள். முகம் சரியில்லை.

"மேல் சரிவுல இந்த வருஷம் காயே இல்லை, கோமதி. ஜாதிபத்திரி காயப்போடுற தட்டெல்லாம் சும்மா கிடக்கு. தவுக்கே வந்து பாத்துட்டுப் போனாரு."

தவுக்கே என்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரச் சீனர். அக்கம்பக்கத்தில் இருந்த தம்முடைய ஜாதி மரங்களை எல்லாம் வெட்டிவிட்டுக் கிராம்பு வைத்திருக்கிறார். இந்தத் தோட்டத்தின் மேலும் அவருக்கு ஒரு கண்.

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வருஷமும் இப்படின்னா குத்தகை கிடையாதுன்னாரு. இங்கயும் கிராம்பு போடப் போறாராம். நாங்க எங்க போறது லா?"

"அத்தான் என்ன சொல்றாரு?"

"மழை ஜாஸ்தியாம்."

"மழை கீழ்ச் சரிவுல பெய்யலையா?"

கீழ்ச் சரிவில் காய் நன்றாகவே இருந்தது. ஏறும்போதே பார்த்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் மரத்தை மிரட்டும் சடங்கு என்றார்கள்.

டவுன்வாசிகளுக்காகச் சொல்கிறேன். பூத்துக்கொண்டே இருந்து ஒரு காயும் விடாத மரத்தின் முன்னால் வீட்டுக்காரர் கோடாலியோடு போய் நிற்பார். "காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார். மரத்துக்குப் பின்னால் ஒரு பெண் மறைந்து நின்று, மரத்தின் குரலாக, "வெட்டாதீங்க, வர்ற வருஷம் காய்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மரத்துக்குப் பயம் வந்து காய்த்துவிடும் என்று நம்பிக்கை. சொன்ன வருஷமும் காய்க்காவிட்டால் பிறகு கேள்வியே கிடையாது. வெட்டுதான். மலாய்க்காரர்களும் டுரியான் மரத்துக்கு இப்படித்தான் செய்கிறார்களாம்.

மரத்தின் குரல் எப்போதும் என் அக்காள்தான். இந்தத் தடவை மாட்டேன் என்றுவிட்டாள்.

"மேல மூணு மரத்துக்கு நான்தான் வாக்குக் குடுத்தேன். ஒண்ணும் காய்க்கல. போன வருஷம் மூணையும் சாய்ச்சுட்டாரு. என் வாக்குக்கு ராசியில்லை. நீ போய் நில்லு."

இப்படித்தான் நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

கீழ்ச் சரிவில் காய்க்காதவை இரண்டே மரங்கள். அடுத்தடுத்து நின்றன. முதல் மரத்தில், அவமானப்படட்டும் என்று, ஒரு பழைய விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். பக்கத்தில் மரம் வெட்டும் ஆறுமுகம். தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்றார் அத்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. காலடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தடி முழுக்க உதிர்ந்த பூக்கள். மணி போன்ற சின்னப் பூக்கள், வெளிர் மஞ்சள், லேசான வாசனை. ஒன்றை எடுத்து நகத்தால் கிழித்தேன். நடுவில் ஒரு சிறு தூண், அதைச் சுற்றி மகரந்தம். இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. எதிலும் காயாக வேண்டிய சூல் இல்லை.

ஆண் மரம்.

அடுத்த மரத்தடியிலிருந்தும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். அதுவும் ஆண்.

தாவரங்கள் இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே ஏற்பாடு வைத்துக்கொள்வதில்லை. பாறைமேல் படரும் பாசிக்குப் பூவே கிடையாது. அதன் ஆண் அணு மழைத்தண்ணீரில் நீந்தித்தான் பெண்ணிடம் போக வேண்டும். பெரணிச் செடி இலைக்கு அடியில் பழுப்புத் தூளை வைத்துக்கொண்டு காற்றில் விட்டுவிடுகிறது. தென்னையில் ஒரே பாளையில் ஆணும் பெண்ணும். பலாவில் ஒரே மரத்தில் இரண்டும், தனித்தனியாக. ஜாதி மரமோ தனிக்குடித்தனம்... பெரும்பாலும் ஆண் என்றால் முழு மரமும் ஆண், பெண் என்றால் முழு மரமும் பெண்.

அப்படியானால் மேலே சாய்த்த மூன்றும் என்ன? ஏன் மேல் சரிவில் தட்டு காலியாகக் கிடக்கிறது?

கிழித்த பூக்களைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"மரம் தூங்குது போல, சின்னம்மா" என்றார் ஆறுமுகம். எல்லாரும் சிரித்தார்கள்.

"அத்தான், ஒரு நிமிஷம். மேல வெட்டினீங்களே, அந்த மரங்க—"

"மரம் கேள்வி கேக்கக் கூடாது" என்றார் அத்தான். "ரெண்டாந்தரம் கேக்குறேன். காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாரும் சொல்வதைச் சொல்வது: காய்க்கிறேன். ஒரு வருஷம் மரம் பிழைக்கும். அடுத்த தைப்பூசம் கழிந்து இதுவும் பக்கத்து மரமும் கேள்வி இல்லாமல் விழும். தோட்டத்தில் ஒரு ஆண் மரம்கூட மிஞ்சாது. அக்காள் வீட்டுச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். இரண்டாவது, உண்மையைச் சொல்வது. காய்க்க மாட்டேன் என்று எந்த மரமும் இதுவரை சொன்னதில்லை. அதற்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது. கோடாலி அவர் கையில் தயாராக இருந்தது.

"மூணாந்தரம். கடைசி. காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

"காய்க்க மாட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"நான் ஆம்பளை மரம். காய்க்கவே மாட்டேன். ஆனா இந்தச் சரிவுல காய்ச்சுத் தொங்குற அத்தனைக்கும் அப்பன் நானும் பக்கத்து மரமும்தான்."

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்களுக்கு முன்னால் மச்சினி கேலி செய்வதாக நினைத்துவிட்டார். கோடாலியை ஓங்கி ஒரு போடு போட்டார்.

மரத்தில் ஊன்றியிருந்த என் உள்ளங்கைக்கு அந்த அதிர்ச்சி வந்தது. முன்பக்கம் வந்து பார்த்தேன். பட்டை பிளந்து, உள்ளிருந்து சிவப்பாக நீர் கசிந்தது. ஜாதி மரத்தின் பால் சிவப்பு என்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இதைப் பாத்துட்டு அடுத்த போடு போடுங்க" என்று கிழித்த பூக்களை நீட்டினேன். பக்கத்தில் காய்த்து நின்ற மரத்தில் ஒரு பூவைப் பறித்து அதையும் கிழித்துக் காட்டினேன். உள்ளே பச்சையாக, குண்டாக, ஒரு குட்டிக் காய்.

அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"ஆம்பளை மரம்னே வச்சுக்குவோம். ஆம்பளைப் பப்பாளியை ஊரே வெட்டுது. பினாங்குல பப்பாளி காய்க்காமலா போச்சு?"

நல்ல கேள்வி.

"பப்பாளிக்கு நீங்க வெட்டினாலும் பக்கத்து வீட்டுல ஒண்ணு நிக்கும், அத்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்த பப்பாளியும் இருக்கு. உங்களுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? தவுக்கேயோட கிராம்பு. இந்த மகரந்தத்தைத் தூக்கிட்டுப் போறது கண்ணுக்குச் சரியாத் தெரியாத பூச்சிங்க. ரொம்ப தூரம் போகாது. நான் சொல்றதை நம்ப வேண்டாம். இந்த மரத்துல ஆரம்பிச்சு மேல நடந்து போங்க. ஒவ்வொரு மரமா நிமிந்து பாருங்க. ஏற ஏறக் காய் குறையுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

"போகத் தேவையில்லை" என்றாள் அக்காள், பின்னாலிருந்து. "அந்த மூணு விழுந்த பிறகுதான் தட்டு காலியாச்சு. மழை மேல மட்டுமா பெய்யுது?"

அத்தான் யாரையும் பார்க்கவில்லை. கோடாலியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தார்.

நாங்கள் கீழே நின்றோம். ஆறுமுகம் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, குடிக்காமலே கையில் வைத்திருந்தார். எனக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. நான் பார்த்தது ஒரு கைப்பிடிப் பூ. ஆண் மரத்திலேயே சில சமயம் காய்க்கும் கிளை உண்டு என்று படித்திருக்கிறேன். மேல் சரிவில் காய் இல்லாமல் போனதற்கு வேர்ப்பூச்சி காரணமாக இருந்தால்? நான் சொல்லி நிறுத்திய மரத்தால் ஒரு பயனும் இல்லாமல், அடுத்த வருஷம் அக்காள் தெருவுக்கு வந்தால்?

அத்தானின் வெள்ளைச் சட்டை மரங்களுக்கு நடுவே தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றார். போகப் போக, நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஏன் நிற்க வேண்டும்?

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இறங்கி வந்தவர் நேரே ஆறுமுகத்திடம் போனார். "கோடாலியை உள்ள வை."

அவ்வளவுதான். அக்காள் போய் அந்த விளக்குமாற்றை அவிழ்த்தாள். ஆறுமுகம்தான் சும்மா இருக்கவில்லை: "ஆம்பளைக்கு விளக்குமாறு கட்டின வீடு இது ஒண்ணுதான் லா, சின்னம்மா."

சிரித்தேன். ஆனால் யோசித்தால் அது சிரிக்கிற விஷயமில்லை. தோட்டமோ வீடோ, ஒன்று காய்க்கவில்லை என்றால் யாருடைய குற்றம் என்று பார்ப்பதற்கு முன்பே நாம் விளக்குமாற்றைக் கட்டிவிடுகிறோம். வீடுகளில் அது எந்தப் பக்கம் கட்டப்படுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு ஆனது. வெட்டுக்காயத்தில் களிமண் அப்பிவிட்டு வந்த அத்தான், கை கழுவிக்கொண்டே, "இங்க வா" என்று வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார். மூங்கில் குழாய்களில் ஜாதிக் கன்றுகள் வரிசையாக நின்றன. முழ உயரம், பளபளவென்ற இலை.

"மேல திரும்பவும் ஆம்பளை மரம் வைக்கணும். இதுல எது ஆம்பளை? எடுத்துக் குடு."

நான் கன்றுகளைப் பார்த்தேன். கன்றுகள் என்னைப் பார்த்தன.

"தெரியாது, அத்தான்."

"தெரியாதா?"

"பூக்கிற வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது. ஆறேழு வருஷம் ஆகும்."

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்புறம் எதுக்கும்மா கப்பல் ஏறிப் போய்ப் படிச்சே?"

அந்த ஒரு வெற்றியை அவரிடமே விட்டுவிட்டு டிராம் ஏறினேன்.