கையுறை வேண்டாம் என்றவன்

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் மீண்டும் சந்தித்தோம். அவன் தொழிலாளி, நான் பாதுகாப்பு அதிகாரி. கட்டையான உருவம். மெஷினை நெருங்குமுன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு மடித்துக்கொள்வான்.

ஒருநாள் எல்லோரும் கையுறை போடவேண்டும் என்று உத்தரவிட்டேன்.

"ரோலராண்ட கிளவுஸ் வாணாம்டா. மாட்னா கையோட இஸ்துக்கும்" என்றான்.

"இன்னிக்கு மட்டும் போட்டுக்கடா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு."

போட்டுக்கொண்டான். இரண்டு விரல்கள் போயின. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினேன். ஆஸ்பத்திரியில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஸ்கூல்லேர்ந்தே உன் கையெழுத்து ஷோக்குடா."

அதன்பின் எங்கே பார்த்தாலும் குலுக்குவதற்கு அந்தக் கையைத்தான் நீட்டுவான்.

போன மாதம் இறந்துபோனான். துக்கம் கேட்கப் போனேன். "அப்பா கொஞ்சம் அஜாக்கிரதை சார். அதான் விரலு பூட்ச்சி" என்றாள் மகள். அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

நடந்ததை இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலை அவளுக்கு நானே படித்துக் காட்டுவேன். கதவைச் சாத்தினாலும், வெளியே நின்று கடைசி வரி வரை படிப்பேன்.