கோர்ட்டுக்கு நண்பனாகப் போன என் தம்பி

எனக்கு இரண்டு தம்பிகள். மூத்தவன் விஜயதாஸ் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன், அதனால் கட்சிக்காரர்களும் குறைவு. இளையவன் ஜெயதாஸ், எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டத்தில் அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் ஜெயிலிலிருந்து வந்தவன்.

ஐம்பத்தைந்தில் எங்கள் சபை உடைந்தது. ஆராதனை தமிழில்தான் என்று ஒரு கூட்டம், மலையாளத்தில்தான் என்று இன்னொன்று. கல்லறைத் தோட்டம் தங்களுக்கு மட்டுமே என்று இரண்டும் கேஸ் நடத்தின. வெட்கக்கேடு! செத்தவன் என்ன பாஷை பேசப்போகிறான்?

இரு தரப்புப் பேச்சையும் நம்பாத நீதிபதி, எந்தப் பக்கமும் சேராமல் உள்ளதை எழுதிக் கொடுக்க ஓர் ஆளைத் தேடினார். கோர்ட்டுக்கு நண்பன் என்று அதற்குப் பெயராம். விஜயதாஸ் என்றால் சம்மதம் என்று இரு வக்கீல்களும் தலையாட்டினார்கள். “எனக்க தம்பி ஒரு பக்கம் நிக்கான்” என்று அவன் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. சாது, எதையும் கிளற மாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் கிளறினான். சபை அலமாரியில் பழைய ஏடு ஒன்று கிடைத்தது. எந்தப் பாஷையில் ஜெபிப்பவருக்கும் இங்கே இடம் உண்டு என்ற தீர்மானமும், அதன் கீழே எங்கள் அப்பாவின் கையெழுத்தும் அதில் இருந்தன. இரு தரப்புக்கும் அது முன்பே தெரியும். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஜெயதாஸ் என் வீட்டுக்கு வந்து, அங்கே இருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, அந்த ஏட்டைக் கண்டதா நீரு எழுதாண்டாம். இது தமிழ் மண்ணுன்னு எல்லை பிரிக்க கமிஷனுக்கு மனு குடுத்திட்டு இருக்கோம். இங்க எல்லா பாஷைக்கும் இடம் உண்டுன்னு எனக்க வீட்டிலேருந்தே எழுத்து போனா நான் எந்த முகத்தோட வெளியே எறங்குவேன்?”

“கண்டதை இல்லைன்னு சொல்ல எனக்கு முடியாது மக்கா. நான் இப்போ கோர்ட்டுக்க ஆளாக்கும்.”

“அப்போ எனக்க அண்ணன் யாராக்கும்?”

விஜயதாஸ் மறுநாள் கண்டதை எழுதிக் கொடுத்தான். தோட்டம் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பானது. இரு தரப்பும் அவனைத் திட்டின. அடுத்த வருஷம் எல்லைக்கோடு விழுந்தது. நாங்கள் கேரளத்துப் பக்கமே நின்றோம். அதற்கும் அவன் எழுத்துதான் காரணம் என்று ஜெயதாஸ் கடைசிவரை நம்பினான். அண்ணனிடம் பேசவே இல்லை.

ஐம்பத்தெட்டில் ஜெயதாஸ் காய்ச்சலில் போனான். அவன் மனைவி சரோஜம் வீட்டு வாசலில் விஜயதாஸை மறித்து நின்று, “அத்தான் மண்ணு போடப்பிடாதுன்னு அவரு சொல்லீட்டுப் போயிட்டாரு” என்று அழுதாள். விஜயதாஸ் தலையை ஆட்டினான். யாரும் நுழையலாம் என்று அவனே எழுதிக் கொடுத்த தோட்டத்தின் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றான்.

திரும்பி வரும் வழியில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

“எலே, உனக்கு இப்போ திருப்தியா? இன்னொருக்க கோர்ட்டு கேட்டா என்ன செய்வே?”

“எழுதுவேன் அக்கா” என்றான். சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.