பரஞ்சோதியும் பதினேழாம் கேள்வியும்

பரஞ்சோதி அண்ணனை நல்ல காரியத்துக்கு யாரும் அழைத்ததில்லை. புக்கிட் செலம்பாவில் சாவு விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான். கல்யாணம் என்றால் அவர் நம்பர் யாரிடமும் இருக்காது. பிழைப்புக்குத் தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை. மற்ற நேரத்தில் மெர்போக் ஆற்றங்கரையில் கருமாதி செய்துவைப்பார். இருபத்திரண்டு வருடமாக அதே கரை. அங்கிருந்த மூன்று படிகளும் அவரே சிமெண்டு சுமந்து கட்டியவை. சடங்கு முடிந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். உடைந்த பானை ஓடுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் பொறுக்கிக்கொண்டு கடைசியாகக் கிளம்புவது அவர்தான்.

அந்த ஆற்றில் ஃபெரி விட ஒரு கம்பெனி வந்தது. தொடங்குவதற்கு முன் ஆற்றுக்கும் மனிதர்களுக்கும் என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்ய வேண்டுமாம். கண்டல் மரங்களையும் கொக்குகளையும் நீர்நாய்களையும் இரண்டு மாதம் எண்ணினார்கள். மனிதர்களுக்கு நான்கு நாள். தமிழர் வீடுகளில் கேள்வி கேட்டுப் போராங் என்கிற படிவத்தை நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது.

பதினேழாம் கேள்வி, ஆற்றங்கரையில் சமயச் சடங்கு செய்யும் இடம் ஏதாவது உண்டா என்பது. அது தை மாதம். பிரேமாவதி அக்கா வீட்டு வாசலில் மகள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியிருந்தது. அக்காவின் கணவருக்கு அந்தப் படியில்தான் காரியம் நடந்தது, நானும் போயிருந்தேன். அதை நினைவுபடுத்தினேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“நல்லது நடக்கிற வீட்டுல அந்தப் பேச்ச எடுக்காத லா தம்பி. இல்லன்னு போட்டுட்டுப் போ.”

போட்டேன். நாற்பது வீட்டிலும் இதே கதைதான். இவ்வளவு பயப்படுகிற சனம் சாகாமலாவது இருக்கலாம்.

பரஞ்சோதி அண்ணனாவது உண்மையைச் சொல்வார் என்று கடைசியாக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் யோகேஸ்வரியைப் பெண் பார்க்கச் சுங்கை பட்டாணியிலிருந்து பழனியாண்டி என்பவர் மனைவியோடும் மகனோடும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவின் வேலை தெரிந்து ஏற்கெனவே இரண்டு இடம் கைகழுவிப் போயிருந்தது. நான் போராங்கை வாசித்துக்கொண்டே போனேன். பதினேழாம் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன்.

“நான் ஜாகா வேலை பாக்குறேன் தம்பி. ஆத்துப் பக்கமே போறதில்ல.”

அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் போய் மாற்றியிருக்கலாம். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பழனியாண்டியின் மகனோடு யோகேஸ்வரி கல்யாணம் முடிந்தது. பிறகு ஆய்வறிக்கை வந்தது. ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டி வரப்போவது சரியாக அந்தப் படிகளின் மேல். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கொடுத்தார்கள். அண்ணன் மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வெள்ளிக்கிழமை வராதே என்றார்கள், விளக்கு வைத்தபின் வராதே என்றார்கள். பதினொரு கையெழுத்து தேறியது. ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தில் அதிகாரி மனுவை மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணனின் போராங்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்று மலாயில் கேட்டார். அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு வரிசை பின்னால்தான் இருந்தேன். எழுந்து பேசவில்லை.

படிகளை ஒரே காலையில் உடைத்தார்கள். கரை நெடுக வேலி வந்தது.

போன மாதம் பழனியாண்டியின் தாயார் தவறிவிட்டார். பழனியாண்டியே அண்ணனுக்குப் போன் செய்து, ஆற்றங்கரையில் காரியத்தைச் செய்துகொடுங்கள் என்றார். கரை ஏது? சுடுகாட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்துக் குழாயடியில், ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து அண்ணன் செய்துவைத்தார். கூடமாட ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். முடிந்ததும் அண்ணன் கைகூப்பினார். வேலையை மறைத்துப் பெண் கொடுத்ததற்குச் சம்பந்தி மன்னிக்க வேண்டும் என்றார்.

பழனியாண்டி தலையைத் துவட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

“என்னத்த மறைச்சீங்க? எங்கப்பா காரியத்தையும் நீங்கதானே அந்தப் படியில செஞ்சீங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே எனக்குத் தெரியும். நல்ல நாளுல எதுக்குன்னுதான் நானும் வாயத் தொறக்கல.”

அந்தப் படியில் மொட்டைத் தலையும் ஈரத்துணியுமாக நின்ற எத்தனையோ பேரில் அண்ணனுக்கு அவரை அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அண்ணன் தொட்டியைக் கவிழ்த்தார். பிண்டம் கரைத்த தண்ணீர் கார்களுக்கு அடியில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.